மாடிவீட்டுக்காரரின் நடை

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் தன் சாப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் நான்தான் கடைக்குட்டி இன்ஜினியர். டவர் கிரேனின் உச்சியில் காற்றின் வேகத்தைக் காட்டும் கருவி கோளாறு செய்கிறது, யாராவது ஏறிப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் அவரவர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிராமத்தில் மரம் ஏறியே வளர்ந்தவனும்கூட. படிப்பும் மரமேற்றமும் ஒரே வேலையில் கைகொடுக்கும் என்று நம்பினேன். பாதி வழியில் இரண்டும் காலை வாரிவிட்டன. மரத்துக்கு உச்சி என்று ஒன்று இருக்கும். அந்த இரும்புத் தூணுக்குள் ஏணிக்கு மேல் ஏணி, அதற்கும் மேல் ஏணி.

ஒருவழியாகக் கேபின் கதவைத் தட்டினேன்.

"தொறந்துதான் இருக்கு, தள்ளுங்க" என்றது குரல். "தட்டிட்டு வர்ற முதல் ஆளு நீங்கதான். இங்க காக்காகூடத் தட்டாது."

குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தி வைத்து அதற்குள் ஒரு ஆளை உட்கார வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு அறை. ஒரு நாற்காலி, இரு கைப்பக்கமும் லீவர்கள், காலடியில் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே வெறும் ஆகாயம், அதற்கும் கீழே எறும்பு எறும்பாக மஞ்சள் தொப்பிகள். மூலையில் மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக நின்றன. தொண்டை வறண்டு போயிருந்தது. ஒன்றை எடுக்கப் போனேன்.

"சார், சார்! அது தண்ணி இல்ல!"

"பின்ன என்ன?"

"தண்ணிதான். ஆனா உள்ள போற தண்ணி இல்ல, வெளிய வந்த தண்ணி."

கையை உதறிக்கொண்டேன். அவர் மடியில் விரித்த துண்டின்மேல் சாப்பாட்டுப் பெட்டி திறந்திருந்தது. பாதிக்கு மேல் காய்கறி, ஒரு முட்டை, ஒரு மூலையில் ஒதுங்கிய சோறு. அந்த நேரம் பார்த்து அவருடைய செல்போன் பேசியது. இளம்பெண்ணின் குரல்.

"சார், இன்னிக்குத் தட்டு சூப்பர்! காய் நிறைய, சோறு அளவா. வெரி குட். ஆனா சாப்பிட்ட கையோட சீட்டுல சாஞ்சிடாதீங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, இறங்கி ஒரு பத்து நிமிஷம் நடங்க. சரியா?"

நான் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"எந்த வண்டிண்ணே?"

அவர் பெட்டியை மூடினார். முகத்தில் இருந்த சிரிப்பும் அதோடு சேர்ந்து மூடிக்கொண்டது. "தம்பி, உங்க வாய்க்குப் பூட்டு உண்டா?"

"உண்டுண்ணே."

"நல்லது. சாவியைத் தொலைச்சிடுங்க."

அன்றைக்குத்தான் அவருக்குச் சர்க்கரை நோய் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த வேலையிடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

கீழே இருந்தவர்கள் அவரை மாடிவீட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் ஏறுவார், பொழுது சாயும்போது இறங்குவார். நடுவில் அவர் ஒரு குரல் மட்டுமே. கீழே நின்று கொக்கிக்குச் சைகை காட்டும் ஆளுக்கு விசில் என்று பட்டப்பெயர். இருவரும் வாக்கிடாக்கியில் பேசிக்கொள்வதைக் கேட்டால் வேலை செய்வதாகவே தோன்றாது. "மாடிவீட்டண்ணே, வாடகை குடுக்காம எவ்வளவு நாள் இருப்பீங்க?" என்பான் விசில். "வீட்டைக் காலி பண்ணா கம்பியை உன் தலையிலதான் இறக்கிட்டுப் போவேன்" என்று மேலேயிருந்து பதில் வரும். உண்மையில் அவர் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில், பின்கட்டில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும் ஓர் அறையிலும் சமையலறையிலும்.

கம்பெனியில் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. கிரேன் ஓட்டுபவருக்குச் சர்க்கரை ஒரு அளவைத் தாண்டினால் மேலே ஏற விடமாட்டார்கள். இன்சுலின் ஊசி என்றால் பேச்சே கிடையாது. விதியில் தப்பில்லை. கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி ஊசலாடும்போது மேலே இருப்பவருக்குத் தலை சுற்றினால் கீழே இருப்பவர்களின் கதி என்ன? அவருக்கும் அது தெரியும். அதனால்தான் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு பகுதியில், மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கிளினிக்கைத் தேடிப் பிடித்திருந்தார். தொழில் என்ன என்று கேட்டதற்கு "டிரைவர்" என்று சொல்லிவைத்தார்.

டாக்டர் வயதானவர், அவசரக்காரர். "வெளிய பாருங்க, பெஞ்சு நிறைய ஆளு. தினமும் நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு பாக்க எனக்கு நேரமில்ல. இந்தச் செயலியைப் போனுல போட்டுக்கங்க. எங்க கிளினிக் பொண்ணு ஒண்ணு தினமும் பேசும், அது சொல்றபடி நடந்துக்கங்க. மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுப்போம். சர்க்கரைச் சராசரி குறைஞ்சா இந்த மாத்திரையே போதும். குறையலைன்னா ஊசி." அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கம்பெனிப் பரிசோதனையும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வர இருந்தது. மூன்று மாதத்தில் எண் இறங்கினால் அவர் மேலே இருக்கலாம். எண் இறங்காவிட்டால் அவர் இறங்க வேண்டும்.

"எறங்கி என்ன பண்ணுவேன் தம்பி?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். "கீழ எனக்கு ஒரு வேலையும் தெரியாது. ரோட்டுல வண்டி ஓட்டக்கூட வராது."

வாயைப் பூட்டிக்கொள்ள நான் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். தினமும் முதல் சுமையைத் தூக்குமுன் விரலில் குத்திப் பார்த்து எனக்குப் போனில் எண்ணைச் சொல்ல வேண்டும். சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் வாயில் போட, சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் இருக்க வேண்டும். "படிச்ச பிள்ளை, போலீஸ்காரன் மாதிரி கேக்குறியே" என்று முனகினாலும் ஒருநாளும் தவறவில்லை. சர்க்கரை தாழ்ந்துபோன நாள் ஒன்றுகூட வந்ததில்லை. அது ஏறுவதுதான் பிரச்சினை.

கோச்சம்மா என்று அவர் குறிப்பிட்ட அந்தக் கிளினிக் பெண்ணை அவர் நேரில் பார்த்தது ஒரே தடவை. ஆனால் கட்டிய மனைவிகூட அவரிடம் ஒரு நாளில் அவ்வளவு பேசியிருக்க மாட்டார். காலையில் வணக்கம், பத்து மணிக்குத் தண்ணீர், மதியம் தட்டு, சாயங்காலம் தூக்கம் பற்றிய கேள்வி. அவள் கெட்டிக்காரி, அக்கறைக்காரி. ஆனால் அவள் மனக்கண்ணில் இருந்தவர் வேறு ஒரு ஆள். சாலையில், நாலு சக்கரத்தின்மேல் இருந்தவர்.

"தண்ணி குறைவா குடிக்கிறீங்களே சார்?"

"குடிச்சா அடிக்கடி போகணுமேம்மா."

"அதனால என்ன? வழியில எங்கயாவது நிறுத்தலாமே?"

"நான் ஓட்டுறது அப்படி நிறுத்துற வண்டி இல்லம்மா."

"ரொம்ப டிராஃபிக்கோ?"

"அதை ஏன் கேக்குறீங்க. நாள் முழுக்க ஒரே இடத்துலதான் நிக்குது."

"பாவம் சார் நீங்க" என்பாள் அவள், மனமாற.

தட்டுப் படத்தில் ஆகாயம் விழுந்துவிடக் கூடாது என்று மடியில் துண்டை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்து, குனிந்து எடுப்பார். "எப்பவும் அதே பச்சைத் துண்டா இருக்கே, டேபிள் இல்லையா சார்?" என்று அவள் கேட்டபோது, "டேபிள்தாம்மா, துணி போட்டிருக்கு" என்று சமாளித்தார். மறுநாள் அவர் மனைவி பூப்போட்ட துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

மனைவி ஒரு துணி தேய்க்கும் கடையில் வேலை பார்த்தார். பேச்சில் அனல் பறக்கும். செயலி பார்க்க உதவிக்கு என்று என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போன நாளில் அந்த அம்மாள் முதலில் கேட்டது இதுதான்: "ஏம்ப்பா, இந்தக் கோச்சுப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? இல்ல, என்னைவிட இவருமேல அதுக்குத்தான் அக்கறை ஜாஸ்தியா இருக்கு."

"நீ சும்மா இரு" என்றார் இவர்.

"நான் சும்மா இருந்ததாலதான் உங்களுக்குச் சுகர் வந்துச்சு. வெந்ததைத் தின்னு, வந்ததைக் குடிச்சு, நாள் முழுக்க அந்தக் கூண்டுல குந்தியிருந்தா வேற என்ன வரும்?"

ஆனால் சமையல் முழுக்க மாறியிருந்தது. எண்ணெய், இனிப்பு, மாவுப் பண்டம் எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. அந்த அம்மாளும் அவரோடு சேர்ந்து அதே தட்டைத்தான் சாப்பிட்டார். செயலியில் உணவுக்குப் பச்சை, மாத்திரைக்குப் பச்சை, தூக்கத்துக்கு மஞ்சள். நடைக்கு மட்டும் ரத்தச் சிவப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்து பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எகிறும் எண் அதற்கெல்லாம் மசியவில்லை. "மத்தியானம் சார், மத்தியானம்தான் முக்கியம்" என்று கோச்சம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கான்கிரீட் போடும் காலம் அது. மாற்று ஆப்பரேட்டர் கிடையாது. உணவு இடைவேளையில் இறங்கினால் ஏறுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும்.

ஒன்றரை மாதம் கடந்திருக்கும். ஒரு மாலை கீழே இறங்கி வந்தவர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நடைக்கும் பச்சை.

"எங்கண்ணே நடந்தீங்க?"

"வீட்டு மாடியிலதான்" என்று கண்ணைச் சிமிட்டினார். அவர் குடியிருந்த வீட்டு மொட்டைமாடி என்று எடுத்துக்கொண்டேன். நாளுக்கு நாள் பச்சை அடர்ந்தது. விரல் குத்திச் சொல்லும் எண்களும் கீழே வந்தன. கோச்சம்மா கைதட்டும் படங்களாக அனுப்பித் தள்ளினாள்.

டவர் கிரேனுக்கு முன்னால் நீண்டது ஒரு கை, அதில்தான் கொக்கி ஓடும். பின்னால் குட்டையாக இன்னொரு கை, எடைக்குக் கான்கிரீட் கட்டிகள் தொங்கும். பின்கை என்போம். மோட்டாரைப் பழுது பார்க்க வசதியாக அதில் ஓர் இரும்பு நடைபாதை, இரு பக்கமும் இடுப்பளவு கம்பி. மாடிவீட்டுக்காரர் தினமும் சாப்பிட்டு முடித்ததும் பின்கதவைத் திறந்து, பாதுகாப்பு பெல்ட்டைக் கம்பியில் மாட்டி, அந்தப் பின்கையில்தான் போவதும் வருவதுமாக நடந்துகொண்டிருந்தார். ஆகாயத்தில்.

எங்கள் கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். எதிர்க் குடியிருப்பின் உயர மாடியிலிருந்து யாரோ ஒருவர் பார்த்துவிட்டார். அத்தனை உயரத்தில் ஒரு மனிதர் தனியாக முன்னும் பின்னும் நடக்கிறார், நிற்கிறார், எட்டிப் பார்க்கிறார், மறுபடி நடக்கிறார். பார்த்தவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்.

வண்டி மணியடித்துக்கொண்டு வாசலில் நுழைந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கையில் சோற்றோடு வெளியே ஓடி வந்தோம். பாதுகாப்பு அதிகாரி கைமைக்கை எடுத்துக்கொண்டு கத்தினார். "ஐயா! எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்!"

மாடிவீட்டுக்காரர் காதில் இயர்போன் மாட்டி, கோச்சம்மாவின் அன்றைய பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாக்கி கேபினுக்குள் கிடந்தது. கீழே கூட்டம் கூடியதைப் பார்த்து, ஏதோ சுமை அவசரம் போல என்று எண்ணி, "இதோ வர்றேன்" என்ற அர்த்தத்தில் கையை உயர்த்தி ஆட்டினார்.

"ஐயோ, கடைசியா கையாட்டறாரு!" என்று விசில் வீரிட்டான். கூட்டமே அலறியது.

அந்த அலறல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். தீயணைப்பு வண்டியையும் கண்டிருப்பார். மெதுவாகக் கேபினுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

விசில் வாக்கியில் கெஞ்சினான். "அண்ணே, ஒரு வார்த்தை பேசுண்ணே. வாடகை எல்லாம் வேணாம்ணே, சும்மாவே இருந்துக்கண்ணே." பதில் இல்லை. நான் ஏணியை நோக்கி ஓடினேன். யாரும் ஏறக் கூடாது, மிரண்டுவிடுவார் என்று அதிகாரி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்போது என் போன் அடித்தது.

"தம்பி, கீழ என்ன சொல்றாங்க?"

நான் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "நீங்க குதிக்கப் போறீங்கன்னு சொல்றாங்கண்ணே."

 பதிலுக்கு ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை, அதில் சந்தோஷம் மருந்துக்குக்கூட இல்லை.

"குதிக்கலைன்னு சொன்னா, பின்ன ஏன் அங்க நடந்தேன்னு கேப்பாங்க. நடந்தது ஏன்னு சொன்னா சுகர் வெளிய வந்துடும். சொல்லலைன்னா, மனசு சரியில்லாதவன்னு எழுதுவாங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் எறக்கிடுவாங்க, இல்ல?"

"அண்ணே, பின்கையில போல்ட் பாக்கச் சொல்லி நான்தான் அனுப்பினேன்னு சொல்லிடறேன். நீங்களும் அதையே சொல்லுங்க."

"சாப்பாட்டு நேரத்துல, எழுத்துல ஒண்ணும் இல்லாம, ஆளை மேல அனுப்பினியான்னு உன்னைத் தூக்கிடுவாங்க."

"பரவாயில்லண்ணே."

"பரவாயில்லையா? உங்க வீட்டுல முதல்ல படிச்சவன் நீ. உன் படிப்பை எடுத்து என் ஓட்டையை அடைக்க நான் என்ன அவ்வளவு கேவலமாவா போயிட்டேன்? வை போனை."

வைத்துவிட்டார். கேபின் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியதால் உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க முடியவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

இதற்குள் கம்பெனிக் காரில் அவர் மனைவியைக் கூட்டி வந்துவிட்டார்கள். தேய்ப்புக் கடையின் கரித்தூள் கையோடு இறங்கினார். பாதுகாப்பு அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, பதறாதீங்க. வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா? அன்பா நாலு வார்த்தை பேசுங்க, இறங்கி வந்துடுவாரு. பின்னாடி அந்தக் கையில நடந்துக்கிட்டு இருந்தாரு" என்றார்.

"நடந்தாரா?" அந்த அம்மாள் மேலே பார்த்தார். "சாப்பிட்டப்புறமா?"

"ஆமாம்மா."

அந்த அம்மாளுக்கு விளங்கிவிட்டது. எந்த மாடியில் அந்தப் பச்சை விளைந்தது என்று எனக்கு அந்தப் போன் பேச்சிலேயே தெரிந்துபோயிருந்தது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கைமைக் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

"ஏங்க! கேக்குதா? குதிக்கப் போறீங்கன்னு ஊரே கூடி நிக்குது, நீங்க வாயைத் தொறக்க மாட்டீங்களா?" என்றவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "யோவ், என் புருஷன் ஒண்ணும் சாகப் போகல! சாகக் கூடாதுன்னுதான் நடக்குறாரு! அவருக்குச் சுகருய்யா! தின்னதும் நடக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. இங்க நடக்க இடம் எங்கய்யா வெச்சிருக்கீங்க?"

 தீயணைப்புக்காரர் ஒருவர் விரித்து வைத்திருந்த போர்வையை மடிக்கத் தொடங்கினார். அந்த அம்மாளின் கையிலிருந்த மைக் இறங்கியது. என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாக்கியில் குரல் வந்தது. "அவ சொல்றது நிஜம்தான். விசிலு, கொக்கிக்குக் கீழ ஆளு இல்லியே? பாரு."

"இல்லண்ணே."

அவசரமே இல்லாமல் கொக்கியை மேலே ஏற்றினார். அதைக் கேபின் பக்கம் இழுத்து நிறுத்தினார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கிரேன் தானாகத் திரும்பிக்கொள்ளும்படி தடையை எடுத்துவிட்டார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் செய்வது அது. பிறகு ஏணிகளில் இறங்கி வந்தார். கீழே கால் வைத்ததும் சிலர் கைதட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. மனைவி அவர் கிட்டே போய், "பெட்டியில மிச்சம் வெச்சீங்களா, முழுசா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை போலும். "முழுசா" என்றார் அவர்.

அன்றே அவருடைய கிரேன் அனுமதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விரல் குத்துவது, மிட்டாய் எல்லாம் மேனேஜரிடம் நானே சொன்னேன். எனக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது, வேலை போகவில்லை. கோச்சம்மா மறுநாள் போன் செய்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார்.

"சார், நீங்க டிரைவர்னு சொன்னீங்களே!"

"டிரைவர்தாம்மா."

"வண்டியை ஓரமா நிறுத்துங்கன்னு நான் தினமும் சொல்லிக்கிட்டு இருந்தேனே சார்..."

"அதனால என்னம்மா. இப்ப நிறுத்தியாச்சு."

மூன்று மாதச் சராசரி வந்தபோது எண் இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம், மாத்திரையே போதும் என்றார் கிளினிக் டாக்டர். அவரிடமிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்தோம். கம்பெனி டாக்டர் படித்துவிட்டு, தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கோப்பில் சர்க்கரை என்று ஏறிவிட்டதால் தலைமை அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். தலைமை அலுவலகம் அடுத்த வருடப் பரிசோதனை வரை பார்க்கலாம் என்றது. அடுத்த வருடமும் எண் ஒழுங்காக இருந்தது. அப்போது, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது, புதிய வேலை தொடங்கும்போது யோசிக்கலாம் என்றது.

இப்போது அவர் அதே வேலையிடத்தில் கொக்கிகளும் தூக்குக் கயிறுகளும் வைக்கும் இரும்புப் பெட்டி அறையைப் பார்த்துக்கொள்கிறார். தேய்ந்த கயிறுகளைப் பிரித்து ஒதுக்குவதும், நல்லவற்றுக்கு நிற நாடா கட்டுவதும் வேலை. அந்த அறை கேபினைவிடப் பெரியது, ஜன்னல் கிடையாது. மதியம் சாப்பிட்டதும் மதில் ஓரமாக நடக்கிறார், வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிரேன் ஏற அனுமதி இன்னும் வரவில்லை.